ஒரு கோலியின் கனம்

கோலிக்குண்டு சிறுவர்கள் விளையாடும் பொருள். தெருப் புழுதியில் உருளும். தோற்றவன் அழுதுகொண்டே வீட்டுக்குப் போவான். அந்தக் கோலிக்குண்டைக் கொண்டு ஒரு சர்வாதிகாரியை வீட்டுக்கு அனுப்ப முடியுமா? முடியும் என்று 2016-ம் ஆண்டில் காட்டியது காம்பியா.

மேற்கு ஆப்பிரிக்காவில், செனகல் நாட்டின் நடுவே, ஓர் ஆற்றின் இரு கரைகளையும் பற்றிக்கொண்டு நாடா போல நீண்டு கிடக்கும் சின்னஞ்சிறு தேசம் அது. நிலக்கடலைதான் அங்கே முக்கியமான விளைச்சல். 1965-ல் பிரிட்டிஷாரிடமிருந்து சுதந்திரம் பெற்றது. முதல் தலைவர் தாவுதா ஜவாராவின் ஆட்சியை 1994 ஜூலையில் ராணுவத்தினர் சிலர் கவிழ்த்தனர். அவர்களுக்குத் தலைமை வகித்த யாஹ்யா ஜாமேக்கு அப்போது வயது 29.

பிறகு 22 ஆண்டுகள் அவர் வைத்ததே சட்டம். எதிர்த்துப் பேசியவர்கள் சிறைக்குப் போனார்கள். சிலர் திரும்பவே இல்லை. தேர்தல் மட்டும் தவறாமல் நடந்தது. 1996, 2001, 2006, 2011 என நான்கு முறையும் ஜாமேயே ஜெயித்தார். இறைவன் நாடினால் நூறு கோடி ஆண்டுகள் ஆளுவேன் என்று 2011-ல் ஒரு பேட்டியில் சொன்னார். இப்படிப்பட்ட நாட்டில், ஓட்டுப் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன என்று ஒரு பிரஜை நினைத்தால் அவனைக் குறை சொல்ல முடியுமா?

மணி ஓசை

அந்த நாட்டில் ஓட்டுச் சீட்டு கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் தவறின்றி வாக்களிக்க வேண்டும் என்பதற்காக 1960-களில் கோலி முறை வந்தது. வாக்காளர் கையில் ஒரு கண்ணாடிக் கோலி கொடுக்கப்படும். மறைவிடத்தில் அபேட்சகருக்கு ஒன்றாக வர்ணம் பூசிய இரும்புப் பீப்பாய்கள் நிற்கும். அவற்றின் மேல் படமும் சின்னமும் இருக்கும். விரும்பிய பீப்பாயின் குழாயில் கோலியைப் போட்டால் உள்ளே ஒரு மணி 'டிங்' என்று ஒலிக்கும். இரண்டு தரம் ஒலித்தால் கள்ள ஓட்டு என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். இந்த ஓசையோடு குழம்பக் கூடாது என்பதற்காகச் சாவடிக்குப் பக்கத்தில் சைக்கிளுக்குக் கூடத் தடை!

எண்ணும் முறையும் எளிது. குழிகள் உள்ள மரத் தட்டுகளில் கோலிகளைக் கொட்டிப் பரப்புவார்கள். தட்டுக்கு 200 குழி அல்லது 500 குழி. தட்டு நிரம்பினால் கணக்குச் சரி. பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காத பாட்டியும் இதைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

2016-ல் இன்னொரு மாறுதலும் வந்தது. பீப்பாய்களை வேறிடத்துக்கு ஏற்றிச் செல்லாமல், அந்தந்தச் சாவடியிலேயே, எல்லாக் கட்சிகளின் ஏஜெண்டுகள் முன்னிலையில் கோலிகள் எண்ணப்பட்டன. பார்ப்பதற்குச் சிறிய மாறுதல்தான். ஆனால் காம்பியாவின் தலைவிதியை மாற்றியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

19,221 கோலிகள்

அவ்வாண்டு டிசம்பர் 1-ந் தேதி தேர்தல். எதிர்க்கட்சித் தலைவர் ஹுசைனு டார்போ சிறையில் இருந்தார். ஏழு எதிர்க்கட்சிகள் ஒன்று சேர்ந்து, அதுவரை அதிகம் பெயர் அடிபடாத அடாமா பாரோ என்ற வியாபாரியை நிறுத்தின. லண்டனில் கடைக் காவலராக வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர். வாக்களிப்பு நாளன்று இண்டர்நெட்டும் வெளிநாட்டு டெலிபோனும் துண்டிக்கப்பட்டன. ஆனால் மரத் தட்டில் நிரம்பிய கோலிகளை யாராலும் துண்டிக்க முடியவில்லை.

மறுநாள் பாரோ வென்றதாக அறிவிப்பு வந்தது. ஜாமே டெலிவிஷனில் தோன்றித் தோல்வியை ஒப்புக்கொண்டார். உலகமே வியந்தது. ஆனால் கூட்டலில் தவறு நேர்ந்திருப்பதைக் கண்டு தேர்தல் கமிஷன் டிசம்பர் 5-ந் தேதி திருத்திய கணக்கை வெளியிட்டது. பாரோவுக்கு 2,27,708, ஜாமேக்கு 2,08,487. வித்தியாசம் 19,221. முடிவு மாறவில்லை, வித்தியாசம்தான் குறைந்தது. ஜாமேக்கு இது போதுமான சாக்காயிற்று. 9-ந் தேதி தம் சொல்லை மாற்றிக்கொண்டு, தேர்தல் செல்லாது என்றார். பாதுகாப்புப் படையினர் கமிஷன் அலுவலகத்தைக் கைப்பற்றினர். கமிஷனின் தலைவர் அலியூ மோமர் ஞாய் பின்னர் அண்டை நாட்டுக்கு ஓட நேர்ந்தது. ஜாமே சுப்ரீம் கோர்ட்டுக்கும் போனார். அங்கே விசாரிக்கப் போதிய நீதிபதிகள் இல்லை. அவர்களை நியமிக்காமல் விட்டவரும் அவரே!

முடிவில் பாரோ, 2017 ஜனவரி 19 அன்று, செனகல் தலைநகரான டக்காரில் உள்ள காம்பியத் தூதரகத்தில் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். அண்டை நாடுகளின் படைகள் எல்லை தாண்டின. ஜனவரி 21-ந் தேதி ஜாமே விமானம் ஏறினார்.

யாருக்குப் புகழ்?

அண்டை நாட்டுப் படைகள்தான் அவரை விரட்டின என்று சொல்வாருண்டு. அது பாதி உண்மையே. அந்தப் படைகளுக்கு நிற்க இடம் கொடுத்தது எது? ஒவ்வொரு சாவடியிலும் கண்ணெதிரே எண்ணி, கையெழுத்திட்டு, ஊரே அறிந்த கணக்கு. அது இல்லாவிட்டால், இரு தலைவர்களின் சண்டையில் அயலார் தலையிட்டார்கள் என்றே ஆகியிருக்கும்.

கணக்கு வெளிவந்த பிறகும் பிரஜைகள் வாளாவிருக்கவில்லை. 'காம்பியா தீர்மானித்துவிட்டது' என்று அச்சிட்ட சட்டையை அணிந்து நடமாடினார்கள். அதற்காகக் கைதானவர்களும் உண்டு. வக்கீல்கள் சங்கமும் ஆசிரியர்கள் சங்கமும் ஜாமே விலக வேண்டும் என்று பகிரங்கமாகச் சொன்னார்கள். 22 ஆண்டுகள் வாய் திறக்க அஞ்சிய நாட்டில் இது சாமானியக் காரியமா? பல்லாயிரம் பேர் மூட்டை முடிச்சுகளோடு செனகலுக்கு ஓடியதையும் மறக்கக் கூடாது. ஓட்டின் விலையை அவர்களும் கொடுத்தார்கள்.

2016-ல் வாக்களித்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 59 பேர். அடுத்த ஜனாதிபதித் தேர்தல் 2021 டிசம்பரில் நடந்தது. அப்போது வாக்களித்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 89 பேர்! தன் கோலிக்குக் கனம் உண்டு என்று கண்டுகொண்ட பிரஜை, வரிசையில் நிற்கச் சலித்துக்கொள்வதில்லை.

மீதி வேலை

இத்துடன் கதை சுபமாக முடிந்தது என்று எழுதிவிடலாம், அது சரியாகாது. மூன்று ஆண்டுகளில் விலகுவதாகக் கூட்டணியில் ஏற்பட்ட உடன்பாட்டைப் பாரோ கைவிட்டு, ஐந்து ஆண்டுகளும் இருந்தார். ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் ஜனாதிபதியாக இருக்கக் கூடாது என்ற விதியைக் கொண்ட புதிய அரசியல் சட்ட நகல், 2020 செப்டம்பரில் தேசிய சபையில் தேவையான முக்கால் பங்கு ஆதரவு கிடைக்காமல் விழுந்தது. 2021-ல் பாரோ மறுபடியும் வென்றார். அவர் ஜாமே அல்லர். பத்திரிகைகள் அவரைத் தாக்கி எழுதுகின்றன. எழுதியவர்கள் வீடு திரும்புகிறார்கள். ஆயினும், ஆளுகிறவர் நல்லவர் என்பதற்காக விதி வேண்டாம் என்று விட்டுவிடலாமா? நல்லவருக்குப் பின் வருகிறவர் எப்படிப்பட்டவர் என்று யார் கண்டது?

புதிய ஜனநாயக நாடுகளில், தலைவரை மாற்றியதும் வேலை முடிந்ததென்று ஜனங்கள் அயர்ந்துவிடுவது உண்டு. அந்த அயர்வில்தான் அடுத்த ஜாமே முளைக்கிறான். ஆளுகிறவரை அனுப்பும் வல்லமை கோலிக்கு உண்டென்று காம்பியாவின் பிரஜைகள் ஒரு தரம் நிரூபித்துவிட்டார்கள். காலக்கெடு வந்ததும், யாரும் விரட்டாமலே தாமாகப் புறப்படும் வழக்கத்தை ஆளுகிறவருக்குக் கற்பிப்பதுதான் இனி அவர்கள் செய்ய வேண்டிய வேலை. அதற்கு மணி ஒரு நாள் ஒலித்தால் போதாது. எண்ணும் தட்டின் மீது வைத்த கண்ணை அவர்கள் என்றும் எடுக்காமல் இருக்க வேண்டும்.