குதிரை திருடியது எந்த ஜன்மத்தில்?

2024-ம் வருஷம் ஜுன் மாதத்தில் "சந்து சாம்பியன்" என்னும் ஹிந்தி சினிமா வெளிவந்தது. மராட்டிய நாட்டுச் சாங்லி ஜில்லாக்காரரான முரளிகாந்த் பேட்கர் என்னும் சிப்பாயின் வாழ்க்கையே அக்கதை. பட்டாளத்தில் குத்துச்சண்டை வீரராயிருந்த அவர், 1965 பாகிஸ்தான் யுத்தத்தில் குண்டடிபட்டு நடக்கும் சக்தியை இழந்தார். பின்னர் நீச்சல் பழகி, 1972-ல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் நடந்த பாராலிம்பிக்கில் 50 மீட்டரை 37.33 வினாடியில் நீந்தித் தங்கம் வென்றார். அப்போட்டிகளில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுவே.

படம் பார்த்துக் கண்ணீர் விட்ட தோழர்களை ஒன்று கேட்கின்றோம். தெருவில் கால் விளங்காதவரைக் கண்டால் "எந்த ஜன்மத்துப் பாவமோ" என்கிறீர்களே, பேட்கர் செய்த பாவம் என்ன? மனுதர்மம் 11-வது அத்தியாயம் இதற்கு ஜாபிதாவே வைத்திருக்கிறது. குதிரை திருடியவன் நொண்டியாவானாம். விளக்குத் திருடியவன் குருடனாவானாம். பேட்கர் எந்த லாயத்தில் எந்தக் குதிரையை அவிழ்த்தார்? சுட்டது எதிரியின் துப்பாக்கியா, முன்ஜன்மக் குதிரையா? அதே நூல் 9-வது அத்தியாயத்தில், குருடருக்கும் செவிடருக்கும் ஊமையருக்கும் சொத்தில் பங்கில்லை, சோறும் துணியும் போதும் என்கிறது. பாவக் கதை எதற்குப் பயன்பட்டதென்று இப்போதாவது விளங்குகிறதா?

2015-ல் பிரதமர் மோடி இவர்களுக்குத் "திவ்யாங்" என்று பெயர் சூட்டினார். தெய்வீக அங்கமாம்! நேற்றுப் பாவி, இன்று தெய்வம். மனிதன் ஆவது என்றைக்கு? பாவிக்கும் சாய்தளம் கட்ட வேண்டியதில்லை, தெய்வத்துக்கும் கட்ட வேண்டியதில்லை. மனிதனுக்கல்லவா கட்ட வேண்டும்!

"மன உறுதி இருந்தால் போதும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போவோரும் உண்டு. பேட்கரிடம் உறுதி இருந்தது மெய்யே. அதோடு ஆஸ்பத்திரியும், வைத்தியரும், நீந்தக் குளமும் இருந்தன. பள்ளிக்கூடப் படியே ஏற முடியாத கிராமத்துப் பிள்ளைக்கு என்ன இருக்கிறது?

சர்க்கார் நடந்துகொண்ட விதமும் வேடிக்கையே. தனக்கு அர்ஜுனா விருது மறுக்கப்பட்டதென்று கிழவர் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போவதாகப் படம் காட்டுகிறது. 1972-ல் வென்றவருக்குப் பத்மஸ்ரீ வந்தது 2018-ல். அர்ஜுனா வந்ததோ, சினிமா வந்த பிறகு, 2025-ல்! தங்கம் கண்ணில் படவில்லை. சினிமா பட்டது போலும்!

2011 ஜனத்தொகைக் கணக்குப்படி இந்நாட்டில் ஊனமுற்றோர் 2 கோடியே 68 லட்சம். அத்தனை பேருக்கும் சினிமா எடுக்க முடியுமா? 2016-ம் வருஷச் சட்டம் சர்க்கார் உத்தியோகத்தில் 100-க்கு 4 இடம் ஒதுக்கியிருக்கிறது. பொதுக் கட்டடங்கள் யாவும் இவர்கள் வந்துபோகத் தக்கதாயிருக்க வேண்டுமென்றும் கட்டளையிட்டிருக்கிறது. ஆகவே தோழர்களே, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தையும் தாலுக்கா ஆபீசையும் போய்ப் பாருங்கள். படி மட்டும் இருந்தால், அதே இடத்தில் புகார் எழுதிக் கொடுங்கள். இரக்கம் வேண்டாம், உரிமையைக் கொடுங்கள்.