சாக்கடையில் ஒரு சேமிப்புக் கணக்கு

2022 மே மாதம் அமெரிக்காவின் மீட் ஏரியில் நீர்மட்டம் சரிந்தபோது, சேற்றில் ஓர் இரும்புப் பீப்பாய் தலைகாட்டியது. உள்ளே, சுட்டுக் கொல்லப்பட்ட ஒருவரின் எலும்புக்கூடு. சுமார் 40 ஆண்டுகளுக்கு முந்தைய கொலை. ஏரி என்றாவது வற்றும் என்று கொலையாளி நினைத்திருக்க மாட்டான்.

லாஸ் வேகாஸ் நகரம் நினைத்திருந்தது. அந்தப் பாலைவன நகரத்தில் ஆண்டு மழை சுமார் 100 மில்லிமீட்டர். அதன் தண்ணீரில் 90 சதவீதம், கொலராடோ ஆற்றைத் தேக்கும் இந்த ஏரியிலிருந்துதான் வருகிறது. ஆற்றில் கலிஃபோர்னியாவின் பங்கு ஆண்டுக்கு 44 லட்சம் ஏக்கர் அடி; லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடாவுக்கு வெறும் 3 லட்சம். 1928-ல் பிரித்த பங்கு இது. அன்று அங்கே சில ஆயிரம் பேர்; இன்று புறநகர்களையும் சேர்த்து 20 லட்சத்துக்கும் மேல்.

எப்படிச் சமாளிக்கிறார்கள்? குளியலறை, கழிப்பறை, சமையலறை என்று கட்டடத்துக்குள் செலவாகும் தண்ணீர் கிட்டத்தட்ட முழுவதும் சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகிறது. அதில் பெரும்பகுதி ஓர் ஓடை வழியே மீண்டும் ஏரியில் சேர்கிறது. திருப்பி விடும் ஒவ்வொரு லிட்டருக்கும் பங்குக்கு மேல் இன்னொரு லிட்டர் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே சூதாட்ட விடுதியில் ஒருவர் மணிக்கணக்கில் குளித்தாலும் நஷ்டமில்லை.

நஷ்டம் புல்தரையில்தான். அங்கே ஊற்றிய தண்ணீர் வெயிலோடு போய்விடும். 1999 முதல் புல்லைப் பிடுங்குகிறவர்களுக்குப் பணம் தருகிறார்கள். தனி வீடுகள் தவிர மற்ற இடங்களில் அலங்காரப் புல்லுக்கு ஆற்றுத் தண்ணீர் பாய்ச்சுவதற்கு, 2021-ல் வந்த சட்டம் 2027 முதல் தடை விதிக்கிறது. 2002-க்குப் பிறகு ஏழரை லட்சம் பேர் கூடியும், ஆற்றில் எடுக்கும் தண்ணீர் கால் பங்குக்கு மேல் குறைந்திருக்கிறது.

இதில் தியாகம் எதுவும் இல்லை. தான் கழித்ததைத் தானே குடிக்க வேண்டிய ஊர் அதைச் சுத்தம் செய்யாமல் என்ன செய்யும்?

நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2021 அறிக்கைப்படி, இந்திய நகரங்களின் கழிவுநீர் நாளொன்றுக்கு 7,236 கோடி லிட்டர். சுத்திகரிக்கப்படுவது சுமார் 2,000 கோடி. தலைநகரையே பாருங்கள். வஜீராபாத் தடுப்பணையில் யமுனைத் தண்ணீரை எடுத்துக்கொள்கிறது தில்லி. அதைத் தாண்டியவுடன் நஜஃப்கர் சாக்கடை ஆற்றில் விழுகிறது. அதற்குப் பிறகு அது மதுராவின் தலைவலி.

சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் கோடிகளை ஒதுக்குவதற்கு முன் ஒரு சிக்கன யோசனை: தில்லியின் குடிநீர்க் குழாயை அந்தச் சாக்கடைக்குக் கீழே நகர்த்திவிடலாம். யமுனை ஒரே வருடத்தில் தெளிந்துவிடும்.