போன பிள்ளையும் இருக்கிற பிள்ளையும்



2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி நம் நாட்டைத் தாக்கியது. 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மலைநாட்டில் மண்சரிவு வீடுகளை ஆட்களோடு சேர்த்துக் கொண்டுபோனது. மரித்தோரை நினைத்துச் செபிக்கும் மாதத்திலேயே நமது மாத்தளை மாவட்டமும் மரணத்தைக் கண்டது.

தகரம் எத்தனை, அரிசி எத்தனை கிலோ, பாய் எத்தனை என்று நாங்கள் கணக்கு எழுதினோம். அது தேவையான கணக்குத்தான். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தகப்பனின் துயரத்தை எழுத எந்தப் படிவத்திலும் இடம் இருக்கவில்லை. அந்தக் குறையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். நான் குருவாகி அதிக காலம் ஆகாத நாட்களில், நான்கு வயது மகனைக் காய்ச்சலில் இழந்த ஒரு தாயிடம், "எல்லாம் ஆண்டவருடைய சித்தம் அம்மா" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "புள்ளைய எடுத்த ஆண்டவர்கிட்டயே நான் எப்படி செபம் பண்றது சாமி?" என்று கேட்டார். குருமடத்தில் படித்ததில் ஒன்றும் அப்போது கைகொடுக்கவில்லை. இன்று அந்தத் தாயைச் சந்தித்தால் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். யோபுவின் நண்பர்கள் ஏழு நாட்கள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் இருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். விளக்கம் சொல்லத் தொடங்கிய பின்னரே அவர்கள் தவறினார்கள்.

"என்ன பாவம் செய்தார்களோ" என்று சிலர் காதோடு காதாகப் பேசுகிறார்கள். சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் மாண்டபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்று இயேசு தெளிவாகச் சொன்னார். மலை சரிந்ததற்கும் உங்கள் பாவத்திற்கும் தொடர்பு இல்லை. தாங்க முடியாத மழை, வெட்டப்பட்ட சரிவு, தண்ணீர் வடிய வழியில்லாத மண், இவையே காரணங்கள். வேறு காணி இல்லாமல் ஏழைகள் அந்தச் சரிவில் குடியிருக்க வேண்டி வந்தது ஏன் என்று கேட்பதும் விசுவாசத்தின் வேலையே.

"வஹாக்கோட்டை அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தும் பிள்ளை தப்பவில்லையே, என் செபத்தில்தான் குறையோ?" என்று கேட்பவர்களும் உண்டு. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்திலும் மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும் வழிபாட்டுக்கு வந்த பிள்ளைகளே குண்டுக்குப் பலியானார்கள். அங்கே செபத்தில் குறை இருந்தது என்று யார் சொல்லுவார்? பிள்ளை உயிரோடிருப்பது பெற்றோரின் பக்திக்குக் கிடைக்கும் சம்பளம் அல்ல.

திருமுழுக்குப் பெறுமுன் இறந்த குழந்தை மோட்சம் சேராது என்று எங்கள் மூத்தவர்கள் சொல்லி வந்தார்கள். அந்தப் பயம் இன்றும் சில தாய்மாரை வாட்டுகிறது. 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் அக்குழந்தைகளை இறைவனின் இரக்கத்திடம் ஒப்படைக்கிறது. 2007இல் திருத்தந்தை 16ஆம் பெனடிக்டின் அனுமதியோடு வந்த இறையியல் ஆவணமும் அவர்கள் மீட்படைவார்கள் என்று நம்ப வலுவான காரணங்கள் உண்டு என்றது. ஆகவே அம்மா, அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள்.

இனி, இருக்கிற பிள்ளைகளைப் பற்றி. யோசேப்பு இறந்துவிட்டான் என்று நம்பிய யாக்கோபு ஆறுதல் அடைய மறுத்தார். பிறகு கடைக்குட்டி பென்யமினைத் தம் பார்வையை விட்டு அனுப்ப மறுத்தார். வீட்டில் தானியம் தீர்ந்து எல்லோரும் பட்டினி கிடக்கும் நிலை வந்த பின்னரே அவனைப் போகவிட்டார். அப்போதும் அவருடைய பயம் போயிருக்கவில்லை. பயத்தோடுதான் அனுப்பினார். யாக்கோபுக்கு யோசேப்பு திரும்பக் கிடைத்தான். நமக்கு இவ்வுலகில் அது கிடைக்காது. ஆனால் பென்யமினை அனுப்பும் கடமை நமக்கும் உண்டு.

இடம்பெயர்ந்த ஒரு தகப்பன், மகனை மண்ணுக்குக் கொடுத்தபின், மகளைப் பாடசாலைக்கு அனுப்பவில்லை. மழை இருட்டினால் அவளை வாசலுக்கும் விடுவதில்லை. அவரை நான் குறை கூறவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை என்னிடம், "தம்பிக்குப் பதிலா நான் போயிருந்தா அப்பா அழமாட்டாரோ?" என்று கேட்டாள். பெற்றோர் பேசாமல் இருக்கும்போது பிள்ளைகள் தாமாகவே ஒரு பதிலை உண்டாக்கிக் கொள்கிறார்கள். அது பெரும்பாலும் தங்களையே குற்றவாளியாக்கும் பதிலாக இருக்கிறது.

1996இல் மட்டக்களப்பில் இயேசுசபைக் குரு போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடிய ஓவியர் போல் ஹோகனும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். யுத்தத்தில் உறவுகளை இழந்த பிள்ளைகள் அங்கே களிமண்ணாலும் கதையாலும் விளையாட்டாலும் தம் மனதைத் திறந்தார்கள். நமக்குப் பெரிய பூங்கா வேண்டாம். ஒரு மரநிழலும், சில வர்ணப் பென்சில்களும், பொறுமையாகக் கேட்கும் ஒரு பெரியவரும் போதும். ஒவ்வொரு பங்கும் இதைச் செய்யலாம், செய்ய வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியவையும் உண்டு. போன பிள்ளையின் பெயரை மறைக்காதீர்கள். இரவுச் செபத்தில் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு முன்னால் அழுவது குற்றமல்ல. இயேசுவும் லாசருக்காக அழுதார். தாய் அழுவதும் தகப்பன் மௌனமாய் இருப்பதும் ஒரே துயரத்தின் இரு முகங்கள். ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டாதீர்கள். கசிப்புப் போத்தலில் அந்த மௌனத்தைக் கரைக்கப் பார்த்தால் இருக்கிற பிள்ளை தகப்பனையும் இழந்துவிடும். கல்லறை மேலே ஆபத்தான இடத்தில் இருக்கிறது, அல்லது கல்லறையே இல்லை என்றால், குடியிருக்கும் இடத்தில் ஒரு மிளகுக் கொடியை அந்தப் பெயரில் நட்டு, பிள்ளைகளைத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள்.

அயலவர்களே, "இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு பிள்ளைக்கு இன்னொரு பிள்ளை ஈடாகாது. ஒரு நேரச் சோறு சமைத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

சிலுவையடியில் மரியன்னை எந்த விளக்கமும் கேட்கவில்லை, எவரும் சொல்லவும் இல்லை. அவர் நின்றார். அவரோடு நிற்கவும் ஓர் ஆள் இருந்தார். பிள்ளையை இழந்த எந்த வீட்டிலும் தாய் தகப்பன் தனியே நிற்க நாம் விடக்கூடாது.