அந்தக் கேள்வியை ஏன் கேட்டாங்க?

"மெஷின் எண்ணத்தானே செஞ்சுது, அதுக்கென்ன தெரியும்?"னு கேக்குறவங்களுக்கு இந்த த்ரெட்.

1933 ஜெர்மன் கணக்கெடுப்பு. பிரஷ்யாவில் ஒவ்வொருவர் மதமும் அட்டையில் ஒரு துளை. ஐபிஎம்மின் ஜெர்மன் கிளையான டெஹோமாக்கின் ஹாலரித் இயந்திரங்கள் அதைப் பிரித்து எண்ணின. 1939-ல் தாத்தா பாட்டி யூதரா என்றும் கேட்டாங்க. எதிர்ப்பு அங்கேயே வந்திருக்கணும். பட்டியல் போட்டு முடிச்ச பிறகு அழிக்கிறது லேசில்ல.

நாஜிகள் பிடியிலிருந்த ஆம்ஸ்டர்டாமைப் பாருங்க. 1943 மார்ச் 27, யூதர்களைத் தேட உதவிய மக்கள் பதிவு அலுவலகத்துக்கு எதிர்ப்புக் குழு தீ வெச்சுது. காவலர்களைக் கொல்லாம ஊசி போட்டு மயக்கினது மருத்துவ மாணவர்கள் (நம்ம சிலபஸ்ல இல்லாத ப்ராக்டிகல்!). அழிஞ்சது சுமார் 15 சதவீத அட்டைகள்தான். ஜூலை 1 அன்று 12 பேரைச் சுட்டுக் கொன்னாங்க.