கணிதத்திற்கு இடம் தந்த மதுச்சாலை

கல்விக்கும் மதுக்கடைக்கும் என்ன உறவு என்று நண்பர்கள் சினந்து கேட்கக்கூடும். குடிக்குப் பரிந்து பேசுவது என் நோக்கமன்று. பூட்டாத ஓர் அறையின் பெருமையைச் சொல்லவே வந்தேன்.

இலண்டனின் கிழக்கே ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் என்பது பட்டு நெசவாளர் பேட்டை. பிரான்சிலிருந்து சமயக் கொடுமைக்கு அஞ்சி ஓடிவந்தோர் பலர் அங்கே தறி போட்டனர். 1717ஆம் ஆண்டில் அப்பேட்டையின் 'மான்மத்ஸ் ஹெட்' என்னும் மதுச்சாலையில் ஜோசப் மிடில்டன் ஒரு கணிதக் கழகத்தைத் தொடங்கினார். சனிக்கிழமை மாலைதோறும் உழைப்பாளிகள் அங்கே கூடிக் கணக்குப் பயின்றனர். ஒருவர் ஐயம் கேட்டால், அறிந்தவர் எளிய முறையில் விளக்கியே ஆகவேண்டும் என்பது கழகத்தின் விதி. எத்துணை உயர்ந்த விதி!

அந்நாளில் ஆங்கிலத் திருச்சபையின் கொள்கைகளுக்கு ஒப்பமிடாதவர் ஆக்ஸ்ஃபோர்டில் சேரவே இயலாது. 1854 வரை நிலைமை அதுதான். பல்கலைக்கழகம் கதவடைத்தது, மதுச்சாலை கதவு திறந்தது. அகதி நெசவாளரின் மகனும் தாமே நெசவாளருமான ஜான் டாலண்ட் இக்கழகத்தவரே. நிறப்பிழை நீக்கிய தொலைநோக்கி வில்லைக்காக 1758இல் காப்லி பதக்கம் பெற்றவர் அவர். நெசவாளராயிருந்து பேராசிரியரான தாமஸ் சிம்சனும் இக்கழகத்தவரே. அவர் பெயர் தாங்கிய விதியை நாம் இன்றும் தேர்வில் எழுதுகிறோம்.

மதுச்சாலைக்காரர் வள்ளல் அல்லர். கோப்பை விற்றால்தான் அவருக்கு வருவாய். ஆயினும் அவர் பொறுப்பு சிறிதன்று. மதுச்சாலை நடத்த நீதிபதிகளின் உரிமம் வேண்டும். கலகம் விளைந்தால் உரிமத்திற்கே கேடு. அந்நாளில் தொழிலாளர் உதவிச் சங்கங்களின் பணப்பெட்டியும் மதுச்சாலையில்தான் இருந்தது. மரண விசாரணையும் அங்கேயே நடந்தது. ஊருக்கு ஒரு பொதுக்கூடம் இல்லாத குறையை அவர் தீர்த்தார். கணக்கிட்டவரைப் புகழும் வரலாறு, கூடம் தந்தவரை மறப்பது முறையோ?

கழகம் இடம் மாறி மாறி வாழ்ந்து, 1845இல் அரச வானியல் கழகத்தோடு இணைந்தது. அதன் நூல்களும் அங்கே சேர்ந்தன.

இன்று நம்மிடம் மாடமாளிகைகள் உண்டு. மாலை ஆறு மணிக்கோ எல்லாவற்றிலும் பூட்டு! வெளிமாநிலத்திலிருந்து வந்த மாணவர் கூடிப் படிக்க ஓர் அறை கேட்டால், விண்ணப்பம் மேசைக்கு மேசை நடக்கிறது. கோடிகளில் கருவிகள் வாங்கும் பல்கலைக்கழகம், ஓர் அறையையும் ஒரு விளக்கையும் அதன் சாவிக்கு ஒரு பொறுப்பாளரையும் தரலாகாதா? அந்த அறை கிடைக்குமானால், ஐயம் கேட்டவருக்கு விடை சொல்லும் கடமையை நாம் ஏற்போம்.