வருசத்தில் ஒரு கிழமை

போன மாதம் விடுதி அறையில் ஒரு மடிக்கணினியைச் சுற்றி ஏழெட்டுப் பேர் இருந்து 'ஹெத் வின்' படம் பார்த்தோம். 1992இல் வந்த வெல்ஷ் மொழிப் படம். பிறமொழிப் படத்துக்கான ஒஸ்கார் பரிந்துரையைப் பெற்ற முதல் வெல்ஷ் படமும் இதுதான். முடிஞ்ச பிறகு போரைப் பற்றிக் கதைப்போம் என்று நினைச்சோம். கடைசியில் இரவு ரெண்டு மணி வரைக்கும் ஒரு கதிரையைப் பற்றித்தான் சண்டை பிடிச்சோம்.

ஹெத் வின் என்பது எலிஸ் எவன்ஸ் என்ற கவிஞரின் புனைபெயர். வடக்கு வேல்ஸில் ஒரு மலைப் பண்ணையில் செம்மறி மேய்த்தவர். 1917 யூலை 31இல் பெல்ஜியத்தில், பசண்டேல் சண்டை தொடங்கின அன்றே இறந்துபோனார். அப்ப அவருக்கு வயது 30. செப்டெம்பரில் வேல்ஸின் தேசிய விழாவான ஐஸ்டெத்வொட் நடந்தது. வென்ற கவிதைக்குரியவர் எழும்பி நிக்கவேணும் என்று மேடையிலிருந்து கூப்பிட்டார்கள். எக்காளம் ஊதினார்கள். ஒருத்தரும் எழும்பவில்லை. எழுதினவர் களத்தில் இறந்துவிட்டார் என்று அறிவித்து, அவருக்கு வைத்திருந்த கதிரையைக் கறுப்புத் துணியால் மூடினார்கள். அந்தக் கதிரையைச் செதுக்கினவர் போருக்குத் தப்பி பெல்ஜியத்திலிருந்து வந்த ஒரு அகதி.

வெல்ஷில் 'ஐஸ்டெத்' என்றால் இருப்பது, உட்காருவது. விழாவின் பெயரே அதிலிருந்துதான் வருது. 1176இல் றீஸ் என்ற சிற்றரசர் கார்டிகன் கோட்டையில் கவிதைக்கு ஒன்று, இசைக்கு ஒன்று என ரெண்டு கதிரைகளைப் பரிசாக வைத்துப் போட்டி நடத்தினார். இப்ப அது ஒவ்வொரு ஓகஸ்டிலும் எட்டு நாள் நடக்குது. ஒரு வருசம் வடக்கில் என்றால் அடுத்த வருசம் தெற்கில். பாட்டு, யாழ், நாடகம், உரைநடை எல்லாத்துக்கும் போட்டி இருக்கு. கைவினைக்குத் தங்கப் பதக்கம் இருக்கு. கதிரையையும் ஒவ்வொரு வருசமும் புதிதாகச் செய்விக்கிறார்கள். கவிஞர்கள் புனைபெயரில்தான் அனுப்பவேணும். நடுவர்களுக்கு ஆர் எழுதினது என்று தெரியாது. கதிரைக்கு எழுதுகிறவர் 'கங்ஹனெத்' என்ற மரபில் எழுதவேணும். ஒரு அடியின் முதல் பாதியில் வந்த மெய்யொலிகள் அடுத்த பாதியிலும் அதே வரிசையில் வரவேணும், எங்கட எதுகை மோனையை விட இறுக்கமான கணக்கு. தகுதியான கவிதை வராத வருசம் கதிரை ஒருத்தருக்கும் இல்லை.

எங்களில் சிலருக்கு அந்த வெள்ளை அங்கிகளும் பெரிய வாளும்தான் பிடிச்சிருந்தது. ஆயிரம் வருசப் பழமை என்று நினைச்சோம். தேடிப் பார்த்தால், அந்தச் சடங்கு 1792இல் லண்டனில் ஒரு மேட்டில் இயோலோ மோர்கான்வ்க் என்பவர் தொடக்கிவைத்தது. மனிசன் நல்ல கவிஞர். ஆனால் பழைய கவிஞர் பெயரில் தானே கவிதை எழுதி ஏட்டில் கண்டெடுத்ததாகச் சொன்னவர். அந்த ஏமாற்று முழுசாக வெளிக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் போனது.

அப்ப இந்த விழாவில் காப்பாற்ற வேண்டியது என்ன? அங்கியும் வாளும் இல்லை என்பதில் எங்களுக்குள் பிரச்சினை வரவில்லை. சண்டை வந்தது மொழி விதியில். 1950இலிருந்து விழா மேடைகளில் வெல்ஷ் மட்டும்தான். 2023இல் சேஜ் டோட்ஸ் என்ற இளம் ராப் பாடகர், தன்ர பாட்டுகளில் வெல்ஷ் நிறைய இருந்தாலும் விதிக்கு அது போதாது என்பதால் விழாவில் பாடமாட்டேன் என்று அறிவித்தார். அதுக்கு முதல் வருசம்தான் வேல்ஸ் காற்பந்துச் சங்கத்தோடு சேர்ந்து வெல்ஷும் ஆங்கிலமும் கலந்த பாட்டொன்று செய்து இளம் பிள்ளைகளிடம் அந்த மொழியைக் கொண்டுபோனவர். விழாக்காரர் விதியில் நிண்டார்கள்.

"மொழியைக் காப்பாற்றுறம் எண்டு சொல்லிப்போட்டு அந்த மொழியில பாடுற பொடியனை வெளியில விடுறதா?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. கறுப்பின இளைஞர் ஒருவர் வெல்ஷில் ராப் பாடுறது, அந்த மொழி ஆருடையது என்ற பழைய எண்ணத்தையே மாத்துது.

ஆனாலும் நாங்கள் விதியின் பக்கம்தான். காரணம் வரலாற்றில் இருக்கு. 1847இல் வெல்ஷ் தெரியாத மூன்று ஆங்கிலேய ஆணையாளர்கள் வேல்ஸின் பாடசாலைகளைப் பற்றி ஒரு அறிக்கை எழுதினார்கள். சனம் பின்தங்கியிருக்கிறதுக்கும் ஒழுக்கம் கெட்டிருக்கிறதுக்கும் வெல்ஷும் ஒரு காரணம் என்றது அறிக்கை. அந்த அவமானத்துக்குப் பிறகு வந்த விழாக்களில், நாங்களும் முன்னேறினவர்கள்தான் என்று காட்டவேணும் என்ற அவசரம் வந்தது. 1862இல் விழாவுக்குள் சமூக விஞ்ஞானப் பிரிவு ஒன்றைத் தொடங்கி அதை ஆங்கிலத்தில் நடத்தினார்கள். ஒருத்தரும் வெல்ஷைத் தடை செய்யவில்லை. முக்கியமான விசயங்கள் ஆங்கிலத்துக்குப் போயின, பாட்டும் கவிதையும் வெல்ஷுக்கு மிஞ்சின. ஒரு மொழியை ஒதுக்க அதுவே போதும்.

2021 குடிசன மதிப்பீட்டின்படி வேல்ஸில் வெல்ஷ் பேசக்கூடியவர்கள் 17.8 வீதம். கடை, கணினி, காற்பந்து, காதல் எல்லாத்திலும் ஆங்கிலம் தானாகவே வந்துவிடும். அதுக்கு ஒருத்தரும் அழைப்பிதழ் குடுக்கத் தேவையில்லை. மிச்சம் ஐம்பத்தொரு கிழமையும் அதுக்குத்தான். ஒரு கிழமை ஒரு வெளியில், தேத்தண்ணி வாங்குவதில் இருந்து கவிதையை விமர்சிப்பது வரைக்கும் வெல்ஷில் நடக்கலாம் என்று காட்டுறது சின்ன விசயம் இல்லை. பாதிக்குப் பாதி என்று தளர்த்தினால், எல்லாருக்கும் விளங்குற பாதிதான் வளரும்.

இந்த விதி ஆளைப் பார்த்துக் கதவைச் சாத்துவதும் இல்லை. வெல்ஷ் தெரியாதவர் காதில் மாட்டிக் கேட்க மொழிபெயர்ப்பு இருக்கு. புதிதாகப் படிக்கிறவர்களுக்கு என்று தனிப் பரிசு இருக்கு. 2013இல் விழாவின் தலைமைக் கவிஞர் பொறுப்புக்கு வந்த கிறிஸ்டீன் ஜேம்ஸ் ஆங்கிலம் பேசுற வீட்டில் வளர்ந்து வெல்ஷைப் பிறகு படித்தவர். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண்ணும் அவர்தான். பிறப்பு, நிறம், ஊர் எதையும் விதி கேட்கவில்லை. இந்தக் கிழமை எந்த மொழியில் வேலை செய்வாய் என்று மட்டும் கேட்குது.

ஆனால் விதியை வைத்திருக்கிறவர்களுக்கும் ஒரு கடமை இருக்கு. "விதி இதுதான்" என்று சொல்லிவிட்டு இருந்தால் காணாது. ஒரு இளம் பாடகர் விலகினால், அவர் முழுக்க வெல்ஷில் ஒரு பாட்டுச் செய்யக் காசும் நேரமும் துணையும் விழாவே குடுக்கவேணும். விதியின் பாரத்தைப் பாடகரின் தலையில் மட்டும் வைக்கக்கூடாது. அப்பிடிச் செய்யாவிட்டால் எங்கட தோழி கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை.

கதிரை வழங்குற நேரம் தலைமைக் கவிஞர் வாளைக் கொஞ்சம் உருவி, "சமாதானம் இருக்கா?" என்று சனத்திடம் மூன்று தரம் கேட்பார். முழு மண்டபமும் "சமாதானம்" என்று சொன்ன பிறகுதான் கவிஞர் கதிரையில் இருக்கலாம். வெல்ஷில் அது 'ஹெத்வொஹ்'. ஹெத் வின்னின் பெயரிலும் அதே 'ஹெத்' இருக்கு. சடங்கு கற்பனையாக இருக்கலாம். கேள்வியும் பதிலும் வெல்ஷில்தான் வருது, அதை விளங்கிக்கொள்ள ஒரு சனம் வந்து இருக்கு.

எங்களில் ரெண்டு பேர் இதை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. நீங்களும் படத்தைப் பார்த்துவிட்டு வாங்கோ, சண்டை பிடிப்பம்.