எல்லைக்கு அப்புறத்தில் ஒருவர் இருக்கிறார்



சென்னையிலும் திருப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் உழைத்துச் சேமித்த நம் சபையார் சிலர், இப்பொழுது ஊர்ப்பக்கத்தில் ஒரு தனி வீடு வாங்க விரும்புகிறார்கள். பெரம்பலூர் மாவட்டத்தின் குன்னம் வட்டமும் அரியலூர் மாவட்டமும் ஒன்றையொன்று தொடும் எல்லைச் சிற்றூர்களில், கொல்லையும் கிணறும் வேப்பமரமும் உள்ள பழைய வீடுகள் விலைக்கு வருகின்றன. "ஐயா, வாங்கலாமா? ஜெபித்துச் சொல்லுங்கள்" என்று கேட்கிறார்கள். வாங்கலாம் என்பதே என் பதில். ஆனால் எதை வாங்குகிறோம் என்பதை அறிந்து வாங்க வேண்டும். ஜெபிப்பதோடு விசாரிக்கவும் வேண்டும். இரண்டும் ஒரே கீழ்ப்படிதலின் பகுதிகள்.

இந்த எல்லையின் வரலாற்றைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1-11-1995 அன்று பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 1-1-2001 அன்று அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. 31-3-2002 அன்று மறுபடியும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. 23-11-2007 அன்று மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. ஆகையால் இன்று அரியலூர் மாவட்டத்திலுள்ள ஒரு வீட்டின் பத்திரங்களை வரிசையாக எடுத்து வைத்தால், திருச்சிராப்பள்ளி, பெரம்பலூர், அரியலூர், மறுபடியும் பெரம்பலூர், மறுபடியும் அரியலூர் என்று மாவட்டத்தின் பெயர் மாறி மாறி வரக்கூடும். வீடோ ஓரங்குலமும் நகரவில்லை. வருவாய்த்துறையின் எல்லையும் பதிவுத்துறையின் எல்லையும் எப்பொழுதும் ஒன்றாயிருப்பதில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தின் ஆளுகை இடையில் மாறியிருந்தால், பழைய அலுவலகத்தின் பதிவேட்டிலும் வில்லங்கம் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் முன்பணம் கொடுப்பது விசுவாசம் அன்று, அசட்டை.

மாவட்டத்தின் எல்லையை ஓர் அரசாணை மாற்றிவிடும். இரண்டு வீட்டாருக்கு நடுவே நிற்கும் எல்லைக்கல்லின் காரியமோ வேறு. அயலானுடைய எல்லைக்குறியை ஒற்றிப்போடுகிறவனை உபாகமம் 27ஆம் அதிகாரம் சாபத்துக்கு உட்பட்டவர்களோடு எண்ணுகிறது. விக்கிரகம் செய்கிறவனுக்கும், குருடனை வழிதப்பச் செய்கிறவனுக்கும் நடுவிலே அவனுடைய பெயர் வருகிறது. நம்முடைய கிரயப் பத்திரத்தின் முடிவில் செக்குபந்தி என்று ஒரு பகுதி உண்டு. இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, இன்னார் மனைக்கு மேற்கு, தெருவுக்கு வடக்கு, வாய்க்காலுக்குத் தெற்கு என்று அது சொல்லும். அந்தப் பகுதியை நாம் அளவுக்காக மட்டும் வாசிக்கிறோம். ஒவ்வொரு எல்லைக்கும் அப்புறத்தில் ஒருவர் இருக்கிறார் என்று அது சாட்சி சொல்லுகிறதை நாம் கவனிப்பதில்லை. நான் இன்று சொல்ல விரும்புவது இதுவே: ஒரு வீட்டை வாங்கும்பொழுது அதன் நான்கு பக்கத்து மனிதரோடும் ஓர் உறவுக்குள் நுழைகிறோம். அந்த உறவு பத்திரத்திலேயே உண்மையாய்த் தொடங்க வேண்டும்.

முதலாவது, விலை உண்மையாயிருக்கட்டும். 20 லட்ச ரூபாய் கொடுத்து வாங்கும் வீட்டை, வழிகாட்டி மதிப்பையொட்டி 8 லட்சம் என்று எழுதுவது ஊர் வழக்கம் என்பார்கள். முத்திரைத் தீர்வையும் உரிமை மாற்றத் தீர்வையும் சேர்ந்து 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று கணக்கிட்டால், 12 லட்சத்தை மறைப்பதனால் மிஞ்சுவது 1,08,000 ரூபாய். அசையாச் சொத்தின் விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறக்கூடாது என்று வருமான வரிச் சட்டம் சொல்லுகிறது. மறைக்கிற 12 லட்சமோ ரொக்கமாகத்தான் கைமாறும். இவ்வாறு ஒரு பொய்யைக் காக்க இன்னொரு மீறுதல் வேண்டியிருக்கிறது. அனனியாவும் சப்பீராளும் நிலத்தை விற்றதற்காகக் குற்றப்படவில்லை. பணத்தில் ஒரு பங்கை வைத்துக்கொள்ளவும் அவர்களுக்கு உரிமை இருந்ததென்று பேதுருவே சொன்னான். விலையைக் குறித்துச் சொன்ன பொய்யே அவர்களை வீழ்த்தியது.

"இதனால் அரசாங்கத்துக்குத்தானே நஷ்டம்?" என்று கேட்கலாம். இல்லை, பக்கத்து நிலத்துக்காரருக்கும் நஷ்டம். 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம், சந்தை மதிப்பை நிர்ணயிக்கும்பொழுது வழிகாட்டி மதிப்பையும், அக்கம்பக்கத்தில் முந்தின மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயங்களின் விலையையும் பார்க்கச் சொல்லுகிறது. நம் மாவட்டங்களோ சுண்ணாம்புக்கல்லும் பழுப்பு நிலக்கரியும் புதைந்த மண். ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்காக 1990களில் பல கிராமங்களின் நிலம் எடுக்கப்பட்டது. கூடுதல் இழப்பீட்டுக்காக விவசாயிகள் பல ஆண்டுகள் நீதிமன்றத்துக்கு நடந்தார்கள். திட்டமோ நிறைவேறவில்லை. இப்படிப்பட்ட மண்ணில் நாம் குறைத்து எழுதும் ஒவ்வொரு விலையும், நாளைக்கு ஓர் ஏழையின் நிலத்துக்குப் பொய்ச்சாட்சியாக நிற்கக்கூடும். அயலானுக்கு விரோதமாய்ப் பொய்ச்சாட்சி கூடாது என்ற கற்பனை சார்பதிவாளர் அலுவலகத்தின் வாசலிலே நின்றுவிடுவதில்லை.

இரண்டாவது, விற்கிறவர்கள் எல்லாரும் விற்கட்டும். கிராமத்து வீடுகளில் பல நத்தம் நிலத்தில் இருப்பவை. பட்டா பாட்டனார் பெயரிலேயே நிற்கும், பாகப்பிரிவினை நடந்திராது. அண்ணன் தம்பிகள் கையெழுத்திட வருவார்கள். கட்டிக்கொடுத்த சகோதரிகளைப் பற்றிக் கேட்டால், "அவங்களுக்குச் சீர் செஞ்சாச்சுங்க" என்பார்கள். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பொருந்தும் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் மரித்த தகப்பனுடைய சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு தருகிறது. இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கு உரிமையைத் தமிழ்நாடு 1989இல் சட்டமாக்கியது. நாடு முழுவதற்கும் அது 2005இல் வந்தது. இதற்கெல்லாம் வெகு காலத்துக்கு முன்னே, செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் மோசேக்கு முன்பாக வந்து நின்று தகப்பனுடைய காணியாட்சியில் பங்கு கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்று கர்த்தரே தீர்ப்புச் சொன்னார். ஆகையால் சகோதரியின் கையெழுத்தைக் கேளுங்கள். அவள் மனமுவந்து இடுகிறாளா, மிரட்டலுக்கு அஞ்சி இடுகிறாளா என்பதையும் விசாரியுங்கள். ஒரு பெண்ணின் கண்ணீர் நனைத்த வாசற்படியைத் தாண்டி, அந்த வீட்டுக்குப் பிரதிஷ்டை ஜெபம் செய்ய என்னை அழைக்காதீர்கள்.

மூன்றாவது, அந்த மண் யாருக்கென்று கொடுக்கப்பட்டது என்று கேளுங்கள். செங்கல்பட்டு ஆட்சியராயிருந்த டிரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் வழங்க ஆணையிட்டது. அதைப் பஞ்சமி நிலம் என்கிறோம். பிறர் கைக்கு அது போய்விடாதபடி நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. ஆயினும் தமிழகமெங்கும் அந்நிலம் பல வழிகளில் கைமாறிற்று. பின்னாளில் ஏழைகளுக்குக் கொடுக்கப்பட்ட இலவச மனைப்பட்டாக்களிலும் விற்கக்கூடாதென்ற நிபந்தனைகள் உண்டு. மலிவாய் வருகிறதே என்று வாங்குவதற்கு முன்னே, ஏன் மலிவு என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். ஆகாபுக்கு நாபோத்தின் திராட்சத்தோட்டம் வேண்டியிருந்தது ஒரு கீரைக்கொல்லைக்காகத்தான். அவன் நல்ல விலைகூடத் தருவதாகச் சொன்னான். கர்த்தர் பார்த்தது விலையை அன்று; அந்த நிலம் யாருடைய சுதந்தரம் என்பதையே.

இதைச் சொல்லும்பொழுது இன்னொரு கேள்வியையும் நான் விழுங்கிவிடக் கூடாது. வீடு பார்க்கப் போகும் நம்மவர்களில் சிலர் கேட்கும் முதல் கேள்வி தண்ணீரைப் பற்றியோ பள்ளிக்கூடத்தைப் பற்றியோ அன்று. "அது யாருடைய தெரு?" என்பதே. ஊர்த்தெருவில் என்றால் ஒரு விலை, காலனியை ஒட்டி என்றால் ஒரு விலை என்று நாமும் பேரம் பேசுகிறோம். ஞாயிற்றுக்கிழமை ஒரே அப்பத்தில் பங்குபெற்று, திங்கட்கிழமை அந்தக் கேள்வியைக் கேட்கிறவன், நடுச்சுவரைத் தகர்த்த கிறிஸ்துவின் கிரியையைத் தன் பணத்தால் மறுபடியும் கட்டுகிறான். இதை மென்மையாய்ச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. விற்க மறுக்கப்பட்ட சகோதரரும் நம் சபையில் இருக்கிறார்கள். உங்கள் கேள்வி அவர்கள் காதிலும் விழுகிறது.

இறுதியாக, "தனி வீடு" என்னும் சொல்லைக் குறித்து ஒரு வார்த்தை. நகரத்தில் அடுக்குமாடியிலே தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் பிறர் நடமாடும் ஓசையில் களைத்தவர்கள், எவரோடும் சுவர் ஒட்டாத வீட்டுக்கு ஏங்குவதில் குற்றமில்லை. ஆனால் ஏசாயா 5ஆம் அதிகாரத்திலே, வீட்டோடு வீட்டைச் சேர்த்து, வயலோடு வயலைக் கூட்டி, தேசத்தின் நடுவிலே தாங்கள் மாத்திரம் குடியிருக்கும்படி செய்கிறவர்களுக்கு ஐயோ என்று தீர்க்கதரிசி கூறுகிறார். பெரிய வீடுகள் குடியில்லாமல் பாழாகும் என்று அங்கேயே சொல்லப்பட்டிருக்கிறது. முதலீடு என்று வாங்கிப் பூட்டிவைத்து, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் மட்டும் திறக்கும் வீடுகளைப் பார்க்கும்பொழுதெல்லாம் அந்த வசனம் என் நினைவுக்கு வருகிறது. அப்படிப்பட்ட வீடு அந்த ஊரின் பள்ளிக்கு ஒரு பிள்ளையைத் தருவதில்லை. கடைக்கு ஒரு வாடிக்கையாளரைத் தருவதில்லை. ஆலயத்துக்கு ஒரு குரலையும் தருவதில்லை. அங்கேயே வீடு தேடும் இளம் தம்பதிக்கு எட்டாத உயரத்துக்கு விலையை ஏற்றுவது மட்டும் அது செய்யும் வேலை. குடியிருக்க மனதில்லையென்றால் வாங்காதிருங்கள் என்பதே என் ஆலோசனை. ஏற்கெனவே வாங்கியிருந்தால், நியாயமான வாடகைக்கு ஒரு குடும்பத்தைக் குடியமர்த்துங்கள்.

வேதம் வீடும் நிலமும் வாங்குவதை இழிவாய்ப் பேசவில்லை. ஆபிரகாம் எப்ரோனில் மக்பேலாவின் நிலத்தை, ஊர்வாசலிலே எல்லாரும் கேட்க, முழு விலையாகிய 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து வாங்கினான். இலவசமாய்க் கொடுக்கிறோம் என்ற பேச்சையும் அவன் ஏற்கவில்லை. எரேமியாவோ, பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருக்க, தானே காவலில் இருக்கையில், ஆனதோத்திலுள்ள நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்கினான். பத்திரம் எழுதினான், முத்திரை போட்டான், சாட்சிகளை வைத்தான், அதை மண்பாண்டத்திலே பத்திரப்படுத்தும்படி பாருக்கின் கையில் கொடுத்தான். எல்லாரும் விட்டு ஓடும் ஊரில், மறுபடியும் மனிதர் வாழ்வார்கள் என்ற நம்பிக்கைக்கு அடையாளமாக ஒரு தீர்க்கதரிசி சொத்து வாங்கினான்.

பிரியமானவர்களே, நம் கிராமங்களையும் பலர் விட்டுப் போகிறார்கள். திரும்பி வர நினைக்கும் நீங்கள் எரேமியாவைப் போலத் திரும்பி வாருங்கள். பத்திரம் எழுதும் நாளுக்கு முன்னே, நான்கு எல்லையிலும் இருப்பவர்களின் வீட்டுக்கு ஒருமுறை சென்று, அவர்கள் கொடுக்கும் தண்ணீரை வாங்கிக் குடித்து, வழியைப் பற்றியும் வாய்க்காலைப் பற்றியும் அவர்களிடமே கேளுங்கள். எந்த வில்லங்கச் சான்றிலும் வராத உண்மைகளை அவர்கள் சொல்லுவார்கள். அதன்பின் அவர்கள் உங்களுக்கு வெறும் எல்லையாக இருக்கமாட்டார்கள், அயலாராக இருப்பார்கள்.

உங்கள் போக்கையும் வரத்தையும் காக்கிற கர்த்தர், நீங்கள் நுழையும் வாசலையும் அதற்கு அடுத்த வாசலையும் ஒருமித்து ஆசீர்வதிப்பாராக. ஆமென்.